எட்டு லைன் அக்கா

அந்தத் தண்ணீர்ப் பம்ப் கம்பெனிக்கு வெளியிலிருந்து எட்டு டெலிபோன் லைன்கள். உள்ளே நாற்பத்திரண்டு மேஜைகளில் போன். இரண்டுக்கும் நடுவே, வாசற்கதவுக்கு இடப்புறம், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் மக்கர் செய்யும் நாற்காலியில் அவள் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் அவள் 'போர்டு அக்கா'. டீலர்கள் அக்கா என்றார்கள், லாரி ஆபீஸில் அக்கா என்றார்கள். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த முதலாளியும் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே, "அக்கா, எனக்கு ஒரு லைன் குடுங்க" என்பார். இப்படி ஊர் முழுக்கத் தம்பி தங்கைகள். கூடப் பிறந்த ஒரே தங்கை மட்டும் ஒன்பது வருஷமாக அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

போர்டு என்பது மேஜைமேல் சாய்வாக வைத்த ஒரு பெட்டி. லைனுக்கு ஒரு பொத்தான், பொத்தானுக்கு ஒரு விளக்கு. புது அழைப்பு வந்தால் விளக்கு படபடவென்று அடித்துக்கொள்ளும். காக்க வைத்தால் நிதானமாக விட்டுவிட்டு எரியும். காலை பதினொரு மணிக்கு எட்டும் ஒரேயடியாகத் துடிக்கும்போது, மற்றவர்களாக இருந்தால் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அவள் முகத்தில் அப்போதுதான் ஓர் அமைதி வரும். காத்திருப்பவர்களுக்குப் பெட்டி தானாகவே ஒரு இசை வாசிக்கும். அதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. காத்திருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற இசை அது. "மியூசிக் நல்லா இருக்கா?" என்று ஒரு டீலரிடம் கேட்டதற்கு, "எங்க முழுசாக் கேக்க விடறீங்க அக்கா, ஆரம்பிக்கறதுக்குள்ள எடுத்துடறீங்களே" என்றார் அவர். அதைப் பத்து பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

குரலை வைத்து ஆளைச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எதிர்முனையில் 'ஹலோ' முழுசாக முடிய வேண்டாம். "பைப் கடைக்காரரா? சளி பிடிச்சிருக்கே, ஆவி பிடிங்க" என்பாள். ஆறு வருஷம் கழித்துக் கூப்பிட்ட ஒரு பழைய எலக்ட்ரீஷியனிடம், "என்ன, பல்லு கட்டிட்டீங்களா?" என்று கேட்டு அவரை வாயடைக்க வைத்தவள். பொய் சொல்வதிலும் கை தேர்ந்தவள்தான். அதில் அவளுக்கு மூன்று ரகம் இருந்தது. 'மீட்டிங்ல இருக்கார்' என்றால் அவர் பேச விரும்பவில்லை. 'இப்பத்தான் வெளியே போனார்' என்றால் அவர் எதிரிலேயே நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருக்கிறார். 'கேட்டுச் சொல்றேன்' என்றால் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

வீட்டில் அவள் பொய் சொன்னதில்லை. சொல்வதற்குப் பேச வேண்டுமே. நாளுக்கு இருநூறு பேரிடம் இனிக்க இனிக்கப் பேசுகிறவள், சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது வாயையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவாள். வீட்டு போன் அடித்தால் அசையமாட்டாள். கைபேசி பையின் அடியில் அணைந்து கிடக்கும். கணவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார்.

"உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா நான் உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணித்தான் பேசணும் போல."

"பண்ணுங்க. எந்த டிபார்ட்மென்ட் வேணும்னு சொல்லுங்க, குடுக்கறேன்."

தங்கையோடு வந்த மனஸ்தாபமும் இந்தத் தொழிலால் வந்ததுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், தங்கைக்கும் அவள் புருஷனுக்கும் வாய்ச்சண்டை முற்றிப் பெட்டி கட்டி வைத்தாயிற்று. பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு அக்கா வீட்டுக்குப் போன் செய்தாள். வாத்தியார் எடுத்து மனைவி கையில் திணித்தார். தங்கை அரைமணி நேரம் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். போர்டு அக்கா பொறுமையாகத்தான் கேட்டாள். அன்றைக்கு ஆபீஸில் இருநூற்றுப் பத்து அழைப்பு. கடைசியில் மறுமுனை ஓய்ந்து, ஏதோ ஒரு ஆறுதலுக்காகக் காத்திருந்தபோது, அவள் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது:

"சரிங்க, குறிச்சுக்கிட்டேன்."

தங்கையின் குரல் ஏறியது.

"என்ன குறிச்சுக்கிட்டே? நான் என்ன உன் கஸ்டமரா?"

சிரித்திருக்கலாம். நாக்கைக் கடித்துக்கொண்டு, "அடியே, வாய் பழகிடுச்சுடி" என்றிருக்கலாம். போர்டு அக்கா பதறிப்போய், "இல்லைங்க" என்றாள். அந்த 'ங்க'தான் எல்லாவற்றையும் கெடுத்தது. தங்கை போனை வைத்துவிட்டாள்.

இதில் வேடிக்கை, எகிறி எகிறிச் சண்டை போட்ட புருஷன் இரண்டே நாளில் சமாதானமாகிப் பெட்டியைப் பிரித்து வைத்தார். அரைமணி நேரம் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்ட அக்காவுக்குத்தான் மன்னிப்பு இல்லை.

அதற்குப் பிறகு அவளாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாததற்கு அவளிடம் ஒரு நியாயம் இருந்தது. போர்டில் ஒரு விதி உண்டு: பேச்சு நடுவில் லைன் அறுந்தால், முதலில் கூப்பிட்டவர்தான் மறுபடி கூப்பிட வேண்டும். மற்றவர் சும்மா இருக்க வேண்டும். இரண்டு பேரும் கூப்பிட்டால் இரண்டு பக்கமும் என்கேஜ்டு, விடிய விடியப் பேச முடியாது. புதிதாக லீவுக்கு மாற்று ஆள் வந்தால் அவள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கூப்பிட்டவள் தங்கை, வைத்தவளும் தங்கை. ஆகவே அக்கா லைனைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள், ஒன்பது வருஷம். அதற்குள் தங்கை இரண்டு வீடு மாறி, பழைய நம்பரும் போயிற்று. நானூறு டீலர் நம்பர் மனப்பாடமாகத் தெரிந்தவளுக்குத் தங்கை நம்பர் தெரியாது.

கோடை தொடங்கி பம்ப் வியாபாரம் சூடு பிடித்த ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஏழாவது லைன் துடித்தது. எடுத்தாள். ஒரு பெண் குரல். குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, உப்புத்தாளை மரத்தில் தேய்ப்பது மாதிரி வெறும் காற்று.

"அக்கா."

"வணக்கம், சொல்லுங்க."

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்."

அந்த ஆபீஸுக்கு வரும் அழைப்பில் 'ஒரு விஷயம்' என்று ஆரம்பித்தால் அது கருகிப்போன மோட்டாராகத்தான் இருக்கும். "கம்ப்ளெயின்ட்தானே, லைன்ல இருங்க" என்று புகார்ப் பிரிவுக்குத் திருப்பினாள். அங்கே இருப்பது ஒரே குமாஸ்தா. யார் என்ன சொல்ல வந்தாலும் முதலில் மாடல் நம்பரைக் கேட்பதால் அவருக்கு 'மாடல் நம்பர்' என்றே பெயர். அவர் சாப்பிடப் போயிருந்தார். ஏழாவது விளக்கு நிதானமாக விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருந்தது. நடுவில் இரண்டு தடவை போர்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"லைன்ல இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன்."

நல்ல பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டாள். பதினொரு நிமிஷம் கழித்து குமாஸ்தா வந்து எடுத்தார். விளக்கு நிலைத்து எரிந்து, சீக்கிரமே அணைந்தது.

மூன்று மணிக்கு அந்தக் குமாஸ்தா தேநீர் டம்ளரோடு கண்ணாடித் தடுப்புக்கு வந்து நின்றார்.

"அக்கா, மத்தியானம் ஏழாம் லைன்ல ஒரு கிறுக்கு கேஸ் குடுத்தீங்க பாருங்க."

"என்னவாம்?"

"மாடல் நம்பர் கேட்டேன். 'என் அக்காகிட்ட பேசணும்'னாங்க. 'இங்க எல்லாருக்குமே அவங்க அக்காதாம்மா, நீங்க பம்ப் விவரத்தைச் சொல்லுங்க'ன்னேன். அப்புறம் ஒரு மாதிரி மூச்சு வந்துச்சு. சிரிச்சாங்களா அழுதாங்களா, தெரியல. 'குறிச்சுக்கிட்டீங்களா? சரி'ன்னு சொல்லி வெச்சுட்டாங்க." டம்ளரை ஒரு வாய் உறிஞ்சினார். "நானும் குறிச்சுத்தான் வெச்சிருக்கேன். புகார்: அக்காவிடம் பேச வேண்டுமாம். பம்ப்: சொல்லவில்லை."

போர்டு அக்காவின் கை ஏதோ ஒரு பொத்தான்மேல் இருந்தது. அது எந்த லைன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"குரல் எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"தொண்டை கட்டின மாதிரி இருந்துச்சே, கவனிக்கலியா நீங்க? பல்லு கட்டினதையே கண்டுபிடிப்பீங்க."

போர்டிலிருந்து சொந்த வேலைக்குப் போன் செய்வதில்லை என்பது அவள் தானே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அன்றைக்கு இரண்டாவது லைனை எடுத்து, தங்கையின் புருஷன் வைத்திருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போட்டாள். அந்தக் கடை நம்பர் மட்டும் மாறவே இல்லை, மனசிலும் இருந்தது. அதாவது ஒன்பது வருஷமும் இருந்தது.

"அண்ணியா?" என்றார் அவர். குரலில் ஆச்சரியமும் சந்தோஷமும், கொஞ்சம் பயமும். மத்தியான அழைப்பைப் பற்றி இவள் சொன்னதும், "அவளா உங்க ஆபீஸுக்குப் பண்ணினா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"தம்பி, அவ குரல் ஏன் அப்படி இருக்கு?"

"கழுத்துல ஆபரேஷன் ஆச்சு அண்ணி, மூணு மாசம் ஆகுது. கட்டி ஒண்ணும் மோசமானது இல்ல. ஆனா குரல் நரம்பு பட்டுப்போச்சு. இனிமே இவ்வளவுதான்னுட்டாங்க. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசலாம், மீதியை எழுதிக் காட்டணும்." அவரே சிரித்தார். "அதான் மத்தியானம் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு கேட்டப்போ, நோட்டுல எழுதிக் காட்டினா. இன்னைக்குப் பேச வேண்டியதை எங்கேயோ செலவு பண்ணிட்டு வந்திருக்கான்னு அப்பவே நினைச்சேன். உங்க ஆபீஸ்லதானா?"

"ஆமா தம்பி. எங்க ஆபீஸ்லதான்."

"ஞாயித்துக்கிழமை வாங்க அண்ணி. போன்ல இது சரிப்படாது."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தங்கையின் பழைய குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். பைப் கடைக்காரரின் செருமல் வந்தது. லாரி ஆபீஸ்காரர் இழுத்து இழுத்துச் சொல்லும் 'ஆமாங்கக்கா' வந்தது. எப்போதோ செத்துப்போன ஒரு டீலரின் கொட்டாவிகூட வந்தது. தங்கையின் குரல் வரவில்லை. சத்தமாகப் பேசுவாள், சிரித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்ற தகவல்தான் இருந்தது, சத்தம் இல்லை. ஒன்பது வருஷமும் அந்தக் குரல் இருந்திருக்கிறது. எட்டு லைனில் எதிலும் அதைக் கேட்காமல் இவள் மாற்று ஆளுக்கு விதி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கதவைத் திறந்த தங்கைக்குப் பாதி தலை நரைத்திருந்தது. கழுத்தில் ஒரு கோடு. அவள் நகர்ந்து வழி விட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மொட்டைமாடியில் துணி காய்கிறது என்று ஏதோ சொல்லி மறைந்துவிட்டார். தங்கை கோடு போட்ட நோட்டை எடுத்துப் பென்சிலால் எழுதித் திருப்பிக் காட்டினாள்.

'ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிடல?'

போர்டு அக்கா தொண்டையைச் சரி செய்துகொண்டாள். "லைனை நீதானே கட் பண்ணே. கூப்பிட்டவங்கதான் திருப்பிக் கூப்பிடணும். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல பண்ணினா என்கேஜ்டு வரும். ஆபீஸ்ல அப்படித்தான்…"

இருபத்தாறு வருஷத்தில் அந்த விதி இவ்வளவு மடத்தனமாக அவள் காதுக்கே கேட்டதில்லை. பாதியில் நிறுத்திவிட்டாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. சிரிக்கிறாளா, அழுகிறாளா? ஊரையே காதால் அடையாளம் கண்டவளுக்கு முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை.

"அன்னைக்கு உன்னைத் தெரியலடி," என்றாள். "குரல் தெரியல. தெரிஞ்சிருந்தா பதினொரு நிமிஷம் காக்க வெச்சிருப்பேனா?"

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்து, எழுத ஆரம்பித்தாள். இந்தத் தடவை நிறுத்தவில்லை. ஒரு பக்கம் முழுக்க, ஓரத்தில் சாய்த்து நெருக்கி நெருக்கி எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்தாள். வரிக்கு வரி, குறுக்கே கோடு போட்டு அடித்தாள். அடியில் ஒரு வரி புதிதாக எழுதி அக்காவிடம் நகர்த்தினாள்.

'டீ ஆறிப்போச்சு. வேற போட்டுக் கொண்டுவரேன்.'

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நோட்டு மேஜைமேல் திறந்தபடியே கிடந்தது. அடித்தது ஒற்றைக் கோடுதான். ஜன்னல் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் எல்லாமே படிக்க வரும். உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம், பாத்திரம் வைக்கும் சத்தம். டீ போட ஆகிற நேரத்தில் இரண்டு தடவை படித்துவிடலாம்.

போர்டு அக்கா நோட்டை மூடி, பென்சிலை அதன்மேல் நேராக வைத்தாள். தங்கை புது டீயோடு வந்தவள் மூடிய நோட்டை ஒரு கணம் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு, நோட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு டீ சூடாக இருக்கிறதா, வெயில் அதிகமா, பஸ்ஸில் கூட்டமா என்பதையெல்லாம் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

படித்திருக்கலாம் என்று பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது. அக்கா படிக்கட்டும் என்றுதான் நோட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனாளோ என்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகு தோன்றியது.