விலாசம் சொல்லி வேண்டுபவள்

"ஆண்டவரே, இது தெரேசித்தாவுக்கு. லிலோவான்ல, சேவச்சண்டைக் களத்துக்குப் பின்னால மூணாவது வீடு. முட்டி வலி. வலது முட்டி, மறந்துடாதீரும்!"

மெழுகுவத்திகளை உயர்த்திப் பிடித்து, முன்னும் பின்னும் எட்டு வைத்து ஆடியபடி கிறிஸ்பினா குழந்தை இயேசுவிடம் பேசுகிறாள். சிபு நகரப் பேராலய முற்றத்தில் மெழுகுவத்தி விற்கும் பெண்கள், வாங்குகிறவர்களுக்காக இப்படி ஆடி வேண்டுவார்கள். மற்றவர்கள் பேரோடு நிறுத்திக்கொள்வார்கள். இவளுக்கு அது போதாது. "அவருக்கு ஆயிரம் சோலி. வீடு மாறிப் போயிட்டா யாரு பொறுப்பு?"

மஞ்சள் ரவிக்கை, சிவப்புப் பாவாடை, அறுபது வயதுக்குச் சற்றும் பொருந்தாத குரல். மத்தியானம் ஓலைப் பொட்டலச் சோற்றைக் கருவாட்டோடு நின்றபடியே தின்று முடிப்பாள். பரீட்சை, கல்யாணம், குடிகாரப் புருஷன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற மெழுகுவத்தி உண்டு. கறுப்பு, இறந்தவர்களுக்கு. லாட்டரிக்கு வேண்டச் சொன்னால் மட்டும் எரிந்து விழுவாள். "உன் பேராசைக்கு என் காலு நோகணுமா?" என்பாள். பிறகு அதற்கும் ஆடுவாள்.

அவள் மகன் எல்மர் போன மீன்பிடிப் படகு புயலுக்குப் பின் திரும்பவில்லை. இன்றோடு இருபத்துமூன்று நாள். படகில் ஏழு பேர். தேடப் போனவர்களும் கைவிட்டுத் திரும்பிவிட்டார்கள். மற்ற ஆறு வீடுகளிலும் இறந்தவர்களுக்கான ஒன்பது நாள் ஜெபம் தொடங்கிவிட்டது. கிறிஸ்பினா வீட்டில் இல்லை. "தேடுனவங்க கைவிட்டாங்க. ஆண்டவர் விட்டேன்னு எங்கிட்ட வந்து சொன்னாரா?" என்று கேட்டு, பக்கத்து வீட்டுக்காரியின் வாயை அடைத்தாள். ஆனால் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. தினமும் விடிந்ததும் முதல் ஆட்டம் எல்மருக்குத்தான். அதில் மட்டும் அவள் தடுமாறுவாள். "கடல்ல எந்த இடம்னு எனக்குச் சொல்லத் தெரியல ஆண்டவரே. உமக்குத் தெரியும்."

இன்று காலை லூர்தித்தா கறுப்புடையில் வந்தாள். அதே படகில் போன ரோடிலின் மனைவி. ஒரு கறுப்பு மெழுகுவத்தியை எடுத்து நீட்டினாள்.

"அவருக்கு ஆடுங்க அத்தை."

கிறிஸ்பினா அவளையே பார்த்தாள். "நல்லா யோசிச்சியா மவளே?"

"யோசிச்சு யோசிச்சுத்தான் வந்திருக்கேன்."

வாங்குகிறவர் கேட்டதை மாற்றி வேண்டுவது இந்தத் தொழிலில் பாவம். கிறிஸ்பினா ஆடினாள். "ரோடிலுக்கு இளைப்பாற்றி கொடும்" என்று சொல்வதற்குள் இரண்டு தரம் அடி தவறினாள். ரோடில் போனான் என்றால் அதே பலகைமேல் நின்ற தன் பிள்ளை எங்கே இருப்பான் என்பது அவளுக்கும் தெரியும்.

லூர்தித்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கறுப்பு மெழுகுவத்தியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"எல்மருக்கும் ஒண்ணு ஆடிடுங்க அத்தை. பாவம், அவன் ஆத்துமாவும் எத்தன நாளைக்குத் தவிக்கும்?"

கிறிஸ்பினா கோபப்படவில்லை. மெழுகுவத்தியை வாய்க்குக் கொண்டுபோனாள். திரியை அடியோடு கடித்துத் துப்பிவிட்டு, திரியில்லாத மெழுகுவத்தியை லூர்தித்தாவின் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடினாள்.