எனக்கு அளவெடுத்த தாடை

செல்லூர்ல எனக்கு லேத்துப் பட்டறை. விசைத்தறியில தேஞ்ச பாகத்தை அளந்து, அதே மாதிரி புதுசு கடைஞ்சு கொடுக்கிறவன் நான். அதனாலதான், இடது கீழ்த்தாடையில கேன்சர், எலும்போட வெட்டணும்னு டாக்டரம்மா சொன்னப்ப உசுரே போன மாதிரி இருந்தாலும், அடுத்துச் சொன்னது சட்டுனு புரிஞ்சது. ஸ்கேன்ல அளவெடுத்து, என் தாடைக்குன்னே டைட்டானியத்துல அச்சடிச்சு வருமாம். வெட்டுன இடத்துல அதை வச்சு முடுக்கிடுவாங்களாம். நாக்குக்குச் சேதமில்ல, பேச்சு தங்கிரும். "தாடை வந்ததும் ஆபரேஷன். நாள் கடத்தாதீங்க"ன்னாங்க.

தாடை வந்திருச்சுன்னு ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்தப்ப, எங்க தெரு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு. என் கையிலயும் மஞ்சக் கயிறு. காப்புக் கட்டுனவன் எல்லை தாண்டி ராத் தங்கக் கூடாது. ஆஸ்பத்திரியில படுத்தாலும் தாண்டுன கணக்குதான். "ஏங்க, கயித்தை அவுத்து ஆத்தா காலடியில வச்சிட்டு வாங்க. அவ கோவிச்சுக்க மாட்டா"ன்னு எம்பொண்டாட்டி அழுதா. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "போடி கூறுகெட்டவளே! சாமான்தான் ரெடியா இருக்குல்ல? பத்து நாள் கழிச்சு மாட்டுனா என்ன, துருவா பிடிக்கப் போகுது?"

திருவிழா முடிஞ்சு மறுபூசை வந்துச்சு. அப்புறம் தேய்பிறை போகட்டும்னேன். இருபத்தஞ்சு நாள் ஓடிப் போச்சு. இம்புட்டு வருசமா அளவெடுத்தவனுக்கு, தறி வளராது, கட்டி வளரும்னு ஒறைக்கல.

ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிச்சப்ப, வாய்க்குள்ள எதுவும் என்னுதா இல்ல. நோய் அளவெடுத்த கோட்டைத் தாண்டிருச்சாம். அச்சடிச்ச தாடை பத்தலைன்னு சாதாத் தகட்டை வளைச்சு வச்சிருக்காங்க. நாக்குலயும் பாதி போச்சு. ஒரு விரல் நுழையிற அளவுக்குத்தான் வாய் திறக்குது. சொல்ல வேண்டியது அம்புட்டும் உள்ளேயே கெடந்து முட்டுது. செத்திருக்கலாமோன்னு தோணுது.

பாக்க வர்றவங்க, எனக்குக் காதும் போயிருச்சுன்னு நெனச்சுக் கத்துறாங்க. "என்னண்ணே, முன்னாடியே பண்ணிருக்கலாம்ல?" எம்பொண்டாட்டி முந்திக்கிட்டு, "அவுக என்ன செய்வாக? தாடை வர லேட்டாயிருச்சு"ங்கிறா. ஒவ்வொருத்தர்கிட்டயும் இதே பொய். எழுதிக் காட்டப் பேனா பக்கத்துலதான் கெடக்கு, எடுக்க வெக்கம். நேத்து, பட்டறைக்கு வழக்கமா வர்ற தறிக்காரர்கிட்டயும் அதையே சொன்னா. என்னால தாங்க முடியல. "நாந்தான், நாந்தான் தள்ளிப் போட்டேன்"னு கத்துனேன். ஊளைச் சத்தம்தான் வந்துச்சு.

அவ முந்தானையால என் வாயைத் துடைச்சுவிட்டு, அவர் பக்கம் திரும்புனா.

"பாருங்க, அவுகளும் அதைத்தான் சொல்றாக."