டப்பாவில் விழாத பொழுது

அந்தக் கிளினிக்கில் எல்லோரும் அவளை எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டிப் பெருக்குகிறவர் முதல் பெரிய டாக்டர் வரை அதே பெயர்தான். அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு நடுவயது வந்துவிட்டது. பழைய மிஷினைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் படம் காட்டும் புது மிஷினை வைத்தபோது, தேதி கடந்துபோன பிலிம் பெட்டிகள் அலமாரி நிறைய மிஞ்சின.

"குப்பைல போடும்மா," என்றார் டாக்டர்.

"நான் எடுத்துக்கட்டுமா டாக்டர்? அந்த டார்க் ரூமையும் இடிக்காம விட்டுடுங்களேன்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சரி என்றார்.

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். தேயிலை டப்பா, பிஸ்கட் டப்பா, பெயிண்ட் டப்பா எதுவும் அவள் கண்ணில் படக்கூடாது. உள்பக்கம் கறுப்பு அடிப்பாள். பக்கவாட்டில் ஓட்டை போட்டு, கூல்டிரிங்ஸ் டின்னில் வெட்டிய தகட்டை அதன்மேல் ஒட்டுவாள். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கிய தகட்டின் நடுவில் தையல் ஊசி முனையால் ஒரே ஒரு துளை. துளையை மூட ஒரு துண்டு கறுப்பு டேப். உள்ளே எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய ஒரு துண்டு. கேமரா தயார். பழைய சாமான் கடையில் பூஞ்சை பிடித்துக் கிடந்த மடக்கு கேமரா ஒன்றை வாங்கிவந்து, லென்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதற்கும் ஊசித்துளை வைத்தாள்.

"ஊர்ல எல்லாரும் டப்பாவுல சக்கரை போட்டு வைப்பாங்க. என் பொண்டாட்டி தெருவையே போட்டு வைக்கிறா," என்று அவள் புருஷன் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் டவுன் பஸ் டிரைவர். வாய் ஓயாத மனுஷன். உட்காரவைத்துப் படம் எடுத்தால் அசையாமல் இருக்கத் தெரியாது. பிலிமைக் கழுவிப் பார்த்தால் சுவர் இருக்கும், நாற்காலி இருக்கும், அவர் இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ இருக்கும்.

"என்னடி, என்னை ஆவியாக்கிட்ட?"

"ஊசித்துளைல வெளிச்சம் சொட்டுச் சொட்டாத்தான் இறங்கும். ஒரே இடத்துல இருக்கறவங்கதான் படத்துல விழுவாங்க. ஓடுறவங்க விழ மாட்டாங்க."

"அப்ப என் பஸ்ஸு?"

"ஸ்டாப்ல நின்னாத்தானே விழும்? நீங்கதான் நிறுத்துறதே இல்லைன்னு ஜனங்க திட்டுதே."

பிள்ளைகள் இல்லாத வீடு. இந்த மாதிரிப் பேச்சிலேயே பொழுது போய்க்கொண்டிருந்தது.

ஒரு மழை நாள். குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி ஒரு பெண் நடைபாதையிலிருந்து சட்டென்று சாலையில் இறங்கினாள். அவர் பிரேக்கில் ஏறி நின்றார். பஸ் நிற்கவில்லை. அவ்வளவுதான்.

டிரைவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். டெப்போவில் தோளைத் தட்டிச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். அவரும் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். திருப்பக் கை வரவில்லை. பின்னால் நின்ற பஸ்களெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன. இறங்கி, யாரிடமும் எதுவும் சொல்லாமல், நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன்பிறகு ஹாலில் ஜன்னலோரம் கிடந்த நாற்காலிதான் அவருக்கு எல்லாம். கூப்பிட்டால் சாப்பிடுவார். டெப்போ டாக்டர் தூக்கத்துக்கு எழுதிய மாத்திரையைக் கொடுத்தால் போடுவார். பேச்சு மட்டும் அடியோடு நின்றுபோனது. ஒரு நாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, பால் வாங்கியாச்சா என்று கேட்கிற மாதிரி கேட்டார்:

"நான் இல்லேன்னா நீ கொஞ்சம் நிம்மதியா இருப்பேல்ல?"

சீப்பு கையிலேயே நின்றது. "என்னங்க பேச்சு இது?" என்று அதட்டினாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய அக்கா வந்து சில நாள் துணைக்கு இருந்தாள். "வேலைவெட்டி இல்லாம உக்காந்தா ஆம்பளைங்க இப்படித்தான். தானா சரியாயிடும் விடு," என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டைப் பார்க்கப் போய்விட்டாள். தம்பி கேட்ட கேள்வியை எக்ஸ்ரேக்கா அவளிடம் சொல்லவே இல்லை. கீழ்வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் பெண் விசாரித்தபோதும், "முதுகு வலி, டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காரு," என்று பொய் சொன்னாள். வெளியே சொன்னால் அவரைப் பைத்தியம் என்று பேசுவார்கள் என்ற பயம்.

லீவெல்லாம் தீர்ந்துபோனது. வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அவர் வீட்டில் தனியாக இருக்கிறார். யார் நெஞ்சைப் படம் எடுத்தாலும் அவளுக்கு அந்த நாற்காலிதான் கண்முன் நின்றது. அப்போதுதான் டப்பா ஞாபகம் வந்தது. மறுநாள் கிளம்பும்போது, சமையலறை அலமாரியில் மற்ற டப்பாக்களோடு ஒன்றாகத் தேயிலை டப்பாவை ஹாலைப் பார்த்து வைத்து, டேப்பைப் பிரித்தாள். சாயந்திரம் திரும்பி வந்ததும் முதல் காரியமாக அதை ஒட்டினாள். திரை போட்ட ஹாலில் வெளிச்சம் குறைவு. ஒரு முழுப் பகலையும் அந்தப் பழைய பிலிம் தாங்கியது.

டார்க் ரூமில், சிவப்பு பல்பின் அடியில், பிலிம் மெல்ல மெல்ல வந்தது. நெகட்டிவில் ஜன்னல் கரியாக எரிந்திருந்தது. நாற்காலியில் அவர். முகம் கறுத்து, முடி வெளுத்து, சட்டைப் பொத்தான் வரை துல்லியமாக. இத்தனை வருஷமும் படத்தில் விழாத மனுஷன் இப்போது பிசிறு இல்லாமல் விழுந்திருந்தார். அவள் ஈரப் பிலிமைப் பிடித்தபடி தொட்டி ஓரத்தில் சாய்ந்து அழுதாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஆறுதல். நாள் முழுக்க நாற்காலியில்தான் இருந்திருக்கிறார். எங்கேயும் போகவில்லை.

அந்த ஆறுதல் அவளைப் பிடித்துக்கொண்டது. தினமும் ஒரு பிலிம். தினமும் அதே நாற்காலி, அதே முகம். ஒரு நாள் டாக்டர், வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இது என்ன கேஸ்?" என்றார்.

"வீட்டுக் கேஸ் டாக்டர்," என்று சொல்லி, சிரித்து மழுப்பிவிட்டுச் சட்டென்று உருவிக்கொண்டாள்.

ஒரு சாயந்திரம் படியேறும்போது கீழ்வீட்டுத் தையல்காரப் பெண் தலையை நீட்டினாள்.

"அக்கா, அண்ணனுக்கு முதுகு தேவலையா? நேத்து மத்தியானம் மொட்டை மாடிக்குப் போய்க்கிட்டிருந்தாரு. துணி எடுக்கவான்னு கேட்டேன், பதிலே சொல்லலை. அப்புறம் கொஞ்ச நேரத்துல இறங்கி வந்தாரு."

"நேத்தா?"

"நேத்துதான்க்கா. அதுக்கு முன்னாடியும் ஒரு நாள் பாத்தேனே."

நேற்றைய பிலிம் அவள் கைப்பையிலேயே இருந்தது. படிக்கட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நாற்காலி, சட்டைப் பொத்தான், கால்மேல் கிடந்த கை, எல்லாம் அச்சுக் குத்தினது போல. அவர் எழுந்து போனதற்கு அதில் ஒரு கீறல்கூட இல்லை. எப்படி இருக்கும்? மணிக்கணக்காக உட்கார்ந்தவன் நடுவில் கொஞ்ச நேரம் எழுந்து போனால் ஊசித்துளைக்கு அது தெரியவே தெரியாது. ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். எதைப் பார்த்துத் தினமும் நிம்மதிப்பட்டாளோ, அதற்கு ஒரு நிமிஷத்தைப் பார்க்கக் கண் கிடையாது. அவள் பயந்த காரியத்துக்கு ஒரு நிமிஷம்கூட வேண்டாமே.

மீதிப் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தள்ளினாள். அவர் நாற்காலியில் இருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொட்டை மாடிக்கு எதுக்குப் போனீங்க?"

அவர் அலமாரிப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அதுல தெரிஞ்சுதா?"

டப்பா இருப்பது அவருக்குத் தெரியும். முதல் நாள், அவள் டேப்பைப் பிரித்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டதாம்.

"நீ பயப்படுறேன்னு புரிஞ்சுது. படம் நல்லா விழட்டும்னு அசையாம உக்காந்தேன்," என்றார். அத்தனை மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"மாடில என்னங்க பண்ணீங்க?"

"போனேன். நின்னேன். இறங்கி வந்துட்டேன்."

"திரும்பவும் போவீங்களா?"

"தெரியலடி," என்றார். "நிஜமாவே எனக்குத் தெரியல." அவள் அவர் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவரும் விடவில்லை.

அப்படியே, அவர் கையை விடாமல், ஒரு கையால் நாத்தனாருக்குப் போன் போட்டாள். "அண்ணி, உங்க தம்பி உயிரோட இருக்க விருப்பம் இல்லைங்கறாரு. நான் ஒருத்தியா தாங்க முடியலை. உடனே வாங்க," என்று உடைத்துச் சொன்னாள். அந்தப் பக்கம் அண்ணி அழுவது கேட்டது. பிறகு வாசலுக்குப் போய்க் கீழ்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். "முதுகு வலின்னு சொன்னது பொய்ம்மா," என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மேலே ஓடி மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

இருட்டுவதற்குள் மூன்று பெண்களும் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். வாரக்கணக்கில் வார்டில் இருந்தார். மாத்திரையை மாற்றினார்கள். தினமும் ஒரு டாக்டர் உட்காரவைத்துப் பேசினார். முதலில் அவர் அந்த டாக்டரின் மேஜையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள், குடை என்ன நிறம் என்று சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அழுதாராம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அவரைத் தனியாக விடவில்லை. கூடவே கிளினிக்குக்கு அழைத்துப்போய், எக்ஸ்ரே அறை வாசல் பெஞ்சில் உட்காரவைத்தாள். டாக்டர் அதற்கும் ஒரு மாதிரி பார்த்தார், அதற்கும் சரி என்றார். நோயாளிகள் அவரையும் படம் எடுக்க வந்தவர் என்று நினைத்து, "உங்களுக்கு எங்க அடிபட்டுது?" என்று கேட்பார்கள். சில நாள் நன்றாக இருப்பார், வரிசையில் நிற்பவர்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பார். சில நாள் சுவரைப் பார்த்தபடியே இருப்பார். தேயிலை டப்பாவின் துளையை அவள் நிரந்தரமாக அடைத்துவிட்டாள். மடக்கு கேமராவை எடுக்கவும் மனசு வரவில்லை.

மழைக்காலம் வந்தது. அவருக்குப் பழையபடி ஆரம்பித்தது. சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது. அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள், கேட்க மட்டும் பயமாக இருந்தது. ஒரு பகலில், அவள் ஒரு சின்னப் பெண்ணின் முழங்கையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் கதவைத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தால் தட்டக்கூடாது என்று தெரிந்தும் தட்டினார்.

"இன்னைக்கு முடியலடி. மறுபடியும் அந்த நெனப்பு வருது. என்னைக் கூட்டிட்டுப் போ."

அவள் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கிளம்பினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டருக்காகக் காத்திருந்தபோது, அண்ணி அரக்கப்பரக்க வந்து சேர்ந்தாள். பெஞ்சில் தம்பியைப் பார்த்ததும் அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

"திரும்பவும் முதல்லேருந்தாம்மா?"

"இல்ல அண்ணி," என்றாள் எக்ஸ்ரேக்கா. "இந்தத் தடவை அவரே வந்து சொன்னாரு."

சொல்லிவிட்டு அண்ணியின் தோளில் தலையைச் சாய்த்தாள். ஒரு வாரமாகக் கண்மூடாதவள், அந்தச் சத்தத்திலும் கூட்டத்திலும், அவர் சட்டை முனையைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.