மகாராணி போனபின் முத்திரை செல்லுமா?

சம்பளம் கிடையாது, நாற்காலி கடையோரத்தில், அதிகாரம் மட்டும் அரசருடையது: நியூசிலாந்தில் சமாதான நீதவான் வேலை இதுதான். பக்குரங்கா பிளாசா கடைத்தொகுதியில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து, ஜனங்கள் சத்தியம் செய்யும் காகிதங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துகிறேன். இலவச சேவையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களே, உங்களுக்குத்தான் இது.

அரசரின் ஆள்

ஹில்ஸ்பரோவிலிருந்து வந்த மலர் அக்கா வவுனியாக்காரர். தங்கையை இங்கே அழைக்க, விசாவுக்கான உறுதிமொழிப் பத்திரத்தோடு வந்திருந்தார். சத்தியம் என்றதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

அந்த நேரத்தில் என் மனம் மிதக்கத் தொடங்கிவிடும். பழைய இங்கிலாந்தில் அரசர் குதிரையேறி ஊர் ஊராகப் போவாராம். தான் போக முடியாத இடங்களில் 'அரசரின் அமைதி' எனப்பட்ட சட்டம் ஒழுங்கைக் காக்க உள்ளூர் ஆட்களை நியமிப்பாராம், அவர்கள்தான் எங்கள் பதவிக்கு முன்னோடிகள். பிளாசாவின் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம், மழையில் நனைந்த குதிரைகள் வெளியே நிற்பதுபோல் இருக்கும். அக்காவின் கண் முத்திரையிலேயே இருந்தது. "எனக்கு மிச்சமிருக்கிறது தங்கச்சி ஒருத்திதான் தம்பி, வடிவாக் குத்துங்கோ."

வேலித் தகராறு

அடுத்து வந்தவர் பிளாட் புஷ் பகுதியில் குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர், ஐடி வேலை. பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டானாம், நான் வந்து மிரட்ட வேண்டுமாம். அந்தக் காலமாக இருந்தால் அரசர் பெயரைச் சொல்லி அவனை இழுத்துவரச் செய்திருப்பேன். அந்தக் கனவில் ஒரு நிமிஷம் சுகமாக இருந்துவிட்டு, அது என் வேலை இல்லை என்றேன். "என்ன சார், ராஜாவோட ஆளுங்கிறீங்க, ஒரு வேலியக்கூட நகத்த முடியாதா?"

மகாராணி போனபின்

மகாராணி காலமான வாரம், நான் மேசையை விரிக்கும் முன்பே மலர் அக்கா நின்றிருந்தார். கையில் அதே உறுதிமொழி. "இன்னும் அனுப்பேல்ல தம்பி. அவ போயிட்டாவெல்லோ, அவவின்ர ஆள் போட்ட கையெழுத்து செல்லுமோ? சண்டை நேரம் எங்கட பக்கம் ஆள் மாறினா பழைய பயணப் பாஸ் செல்லாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் அப்படித்தான். அரசர் இறந்தால் 'அரசரின் அமைதி'யும் கூடவே இறந்துபோகும், அடுத்தவர் வரும்வரை திருடர்களுக்குக் கொண்டாட்டம். "இப்ப அப்படி இல்லக்கா, ஆள் போனாலும் ஆட்சி சாகாது" என்றேன். அக்கா நகரவில்லை. தேவையே இல்லாத புதுச் சத்தியம் ஒன்றை வாங்கி, மறுபடி முத்திரை குத்திக் கொடுத்தேன். காகிதத்தை மடித்தபடி மெதுவாகச் சொன்னார்: "ஓம் தம்பி, எங்கட ஊரிலயும் ஆட்சி சாகேல்ல, சனம்தான் செத்தது."

அன்றிலிருந்து நான் அரசரின் ஆள் என்று யாரிடமும் பெருமையடிப்பதில்லை, முத்திரைக்கு மை மட்டும் கொஞ்சம் தாராளமாகத் தொட்டுக்கொள்கிறேன்.