தீ கேட்க ஆளில்லாத அம்மாவாசி

ஓடைப்பட்டி அம்மாவாசிக்கு நெஞ்சில் கரி பிடித்திருக்கிறது என்று சின்னமனூர் டாக்டர் சொன்னபோது அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மீசை முளைக்கும் முன்பே பீடி பிடித்தவர். கரி பிடிக்காமல் சந்தனமா பிடிக்கும்? டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "இனியும் குடிச்சீகன்னா மாடிப்படி ஏற முடியாது" என்று பயமுறுத்திப் பார்த்தார். அம்மாவாசி வீட்டில் மாடி கிடையாது. இருந்தாலும் திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்து நடந்தாலே கொஞ்ச நாளாக மூச்சு வாங்கியது. அன்றைக்கே பீடிக்கட்டைத் தோட்டத்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினார்.

தூக்கம் பிடிக்கவில்லை. கண்டவன்மேல் எரிச்சல் வந்தது. எரிச்சலைக் காட்ட வீட்டில் ஆளில்லாததால் கடலைமிட்டாயைக் கடித்தார். இதெல்லாம் வரும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். டாக்டர் சொல்லாத கஷ்டம் ஒன்று டீக்கடையில் காத்திருந்தது.

பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஜாஸ்பர் டீக்கடை. காலையில் அம்மாவாசி அங்கே வாசல் பெஞ்சில் உட்காருவார். திராட்சைப் பெட்டி லோடு ஏற்றுகிற சின்னச்சாமி வருவார். அவர் பீடி வைத்திருப்பார், தீப்பெட்டி வைத்திருக்க மாட்டார். பீடியும் வாங்கித் தீயும் வாங்கினால் குடும்பம் உருப்படாது என்பது அவர் கொள்கை. வாயில் பீடியோடு கழுத்தை நீட்டி, "மச்சான், தீ" என்பார். அம்மாவாசி தன் பீடியை நீட்டுவார். நுனியும் நுனியும் ஒட்டிக்கொள்ளும். தீ வாங்கியவன் உடனே எழுந்து போவது மரியாதையில்லை என்பதால் சின்னச்சாமி பக்கத்திலேயே உட்காருவார். பீடி தீரும்வரை பேச்சு. மேகமலைப் பக்கம் மழை இறங்கியிருக்கு, கேரளா வியாபாரி வந்தாக, மருமக மூஞ்சி கொடுத்துப் பேசுறதில்ல, இந்த வருசம் வெயிலு ஒரு மாதிரி.

மனைவி மொக்கம்மாள் போய்ச் சேர்ந்தபிறகு அம்மாவாசி ஒரு மனுசரோடு முழுசாகப் பேசியது அந்த ஒரு பீடி நேரம்தான். மகள் நதியா துபாயிலிருந்து போன் போடுவாள். "சாப்டீகளாப்பா?" "சாப்டேன்த்தா." "மாத்திரை?" "போட்டேன்." பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி. உள்ளேன் ஐயா சொன்னால் முடிந்தது.

பீடியை விட்ட மறுநாள் சின்னச்சாமி வழக்கம்போலக் கழுத்தை நீட்டினார்.

"இல்ல மச்சான். விட்டுட்டேன்."

"அடப்பாவி! எப்பருந்து?"

"நேத்துலருந்து."

"நல்லது மச்சான். ரொம்ப நல்லது" என்று வாயாரப் பாராட்டிவிட்டு, எதிர் பெஞ்சில் புகைத்துக்கொண்டிருந்த சுருளியிடம் போய்க் கழுத்தை நீட்டினார். பற்றிக்கொண்டது. மரியாதைக்கு அங்கனயே உட்கார்ந்தார். அடுத்த நாளும் அங்கனயேதான். பாராட்டும் முதல் நாளோடு சரி.

ஒருநாள் சாயங்காலம் மோட்டார் ரூமில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, "ஓடுப்பா" என்றார் அம்மாவாசி. குரல் கரகரவென்று வந்தது. அன்றைக்குத் தான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டீ கூடக் கேட்க வேண்டியதில்லை. ஆளைப் பார்த்ததும் ஜாஸ்பர் போட்டுவிடுவார். மோட்டார் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது. மறுபேச்சு பேசவில்லை. மொக்கம்மாளிடம் இந்த நல்ல குணம் என்றைக்கும் இருந்ததில்லை. முற்றத்தில் கால் வைக்கும்போதே, "வந்துருச்சுய்யா செங்கச்சூளை" என்பாள். பீடி வாடையில்லாத வீடு இப்போது யாருக்கும் இடைஞ்சலில்லாமல் மணத்தது.

இந்த நிலைமையில்தான் மருமகன் கார்த்திக்ராஜ் லீவில் வந்தார். பெட்டியைத் திறந்து, சாக்ஸுக்குள் சுருட்டியிருந்த ஒன்றை எடுத்து மாமனார் கையில் வைத்தார். பேனாவைவிடக் கொஞ்சம் பருமன். நுனியில் நீல லைட்.

"பீடிய விட்டுட்டுக் கஷ்டப்படுறீகன்னு நதியா சொன்னா மாமா. இது பேரு வேப். தீ வேணாம், சாம்பல் இல்ல. சும்மா இழுத்தாப் போதும்."

"சாக்ஸுக்குள்ள எதுக்கு மாப்ள வச்சீக?"

"இங்கன இதுக்குத் தடை மாமா. கொண்டாந்தாலும் குத்தம், வித்தாலும் குத்தம்."

அம்மாவாசிக்குச் சட்டம் உடனே விளங்கிவிட்டது. நெஞ்சைக் கரியாக்குகிற பீடி பெட்டிக்கடையில் கடலைமிட்டாய்க்குப் பக்கத்தில் தொங்கும். இதைச் சாக்ஸில் ஒளிக்க வேண்டும்.

"திராட்சை வாசனையாப் பாத்து வாங்கினேன் மாமா. ஒங்களுக்குத் தோதா இருக்கும்ல?"

திராட்சைக்காரர் திராட்சைப் புகையை இழுத்தார். அது அவர் பயிர் பண்ணுகிற விதையில்லாத் திராட்சையும் இல்லை, கம்பத்துப் பன்னீர் திராட்சையும் இல்லை. எந்தக் கொடியிலும் காய்க்காத ஒரு திராட்சை. இருமல் அடங்கியதும் "நல்லாருக்கு மாப்ள" என்றார். மருமகன் லீவு முடிந்து போனார். போனையும் வேப்பையும் பக்கத்துப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டு அம்மாவாசி தூங்கினார். கரண்டு போனால் புகையும் போய்விடும்.

பந்தலுக்கடியில் ஒருநாள் ஒளிந்து இழுத்தபோது குலை வெட்ட வந்த பாண்டீஸ்வரி மூக்கைச் சுருக்கினாள். "ஏ ஆத்தா, இதென்ன கல்யாண வீட்டு வாடை? சித்தப்பு, சென்ட்டு அடிச்சிருக்கீகளா? பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்கீகளோ?"

வெட்டுகிற பொம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். வேப்பை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு அவரும் சிரித்தார். சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம். அவர்கள் தங்கள் பேச்சோடு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்கள்.

மறுநாள் அவர் துணிந்து டீக்கடைக்கே கொண்டுபோனார். மனசுக்குள் ஒரு கணக்கு. புகை விட்டால் ஆள் வரும். பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளையாகப் பெரிய புகை விட்டார். கூட்டம் வந்தது.

"என்னண்ணே இது, கொசு மருந்து அடிக்கிற மாதிரி?" என்றார் ஜாஸ்பர்.

சின்னச்சாமியும் எழுந்து வந்தார். வாயில் பற்றாத பீடி. பழக்க தோசத்தில் கழுத்தை நீட்டினார். "மச்சான், தீ."

பழக்க தோசத்தில் அம்மாவாசியும் வேப்பை நீட்டினார். சின்னச்சாமி பீடி நுனியை அந்த நீல லைட்டில் வைத்துக் கன்னம் ஒட்ட இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு இழுப்பு. கடை மொத்தமும் சிரித்தது.

"என்ன மச்சான், எரியுது ஆனா சுடலையே!"

"சுடாது மச்சான். நீ வேணா இதையே இழுத்துப் பாரு."

சின்னச்சாமி துண்டில் துடைத்து ஒரு இழுப்பு இழுத்தார். முகம் அஷ்டகோணலானது. "த்தூ, மருந்துத் தண்ணி மாதிரி இருக்கு. நீ குடி மச்சான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பீடியோடு சுருளியிடம் போனார். அங்கன நுனியும் நுனியும் ஒட்டிக்கொண்டது. அம்மாவாசி விட்ட புகை, மணத்தோடு, அவர் தலைக்கு மேலேயே நின்றது.

அடுத்த தடவை சின்னமனூர் போனபோது வேப்பை எடுத்துக் காட்டினார். டாக்டர், "அதுவும் ஆகாது, அதையும் விடுங்க" என்றார். அம்மாவாசி மறுக்கவில்லை. சார்ஜ் போடுவதை நிறுத்தினார். நீல லைட் ரெண்டு நாள் மினுக்கிவிட்டு அடங்கியது.

மறுநாள் காலை ஜாஸ்பரிடம் ஒரு தீப்பெட்டி கேட்டார்.

"திரும்ப ஆரம்பிச்சாச்சாண்ணே?"

"இல்லப்பா."

"பெறகு எதுக்குத் தீப்பெட்டி?"

அம்மாவாசி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். சின்னச்சாமி வரும் நேரம் பார்த்துப் பெட்டியை எடுத்துக் குலுக்கினார். குச்சிச் சத்தம் கேட்டுச் சின்னச்சாமி திரும்பினார். சுருளி இன்னும் வந்திருக்கவில்லை.

வந்து பெட்டியை வாங்கிப் பற்றவைத்தார். உட்கார்ந்தார். தீப்பெட்டியே வந்துவிட்டதால் மரியாதையும் கூடவே வந்துவிட்டது. மழை, வியாபாரி, மருமகள் எல்லாம் பேசி முடித்தார். பீடியைக் காலால் நசுக்கிவிட்டு எழுந்தபோது, இந்தப் பக்கத்து ஆம்பளைகள் எல்லாரும் நினைவில்லாமல் செய்கிற காரியத்தை அவரும் செய்தார். அடுத்தவர் தீப்பெட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஆக, மறுநாள் சின்னச்சாமிக்கு யாரிடமும் தீ கேட்க வேண்டியிருக்கவில்லை. எதிர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, பையிலிருந்து எடுத்துத் தானே பற்றவைத்துக்கொண்டார். அம்மாவாசி தன் டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஆறியதைக் குடித்து முடித்து, கிளாசை வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போனார்.

"மச்சான், தீப்பெட்டி."

சின்னச்சாமி அண்ணாந்து பார்த்தார். "நீதான் குடிக்கிறதில்லையே மச்சான். ஒனக்கு எதுக்கு?"

"சும்மாதான்."

சின்னச்சாமி தீப்பெட்டியை எடுக்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். பீடியில் பாதிதான் மிச்சமிருந்தது.