பன்னிரண்டாம் பாடத்தைத் திரும்பக் கேட்க எவ்வளவு?

வாடிக்கையாளர் “எவ்வளவு ஆகும்?” என்று கேட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு விலை சொல்லிவிட வேண்டும். யோசித்தால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஹேண்ட்போன் கடைக் கவுண்டரில் இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் பிழைத்து வருகிறேன். திரைக்கு இவ்வளவு, பேட்டரிக்கு இவ்வளவு, தண்ணீரில் விழுந்தது என்றால் முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு விலை. ஒரே ஒருமுறை அந்தக் கேள்விக்கு என்னால் விலை சொல்ல முடியவில்லை. கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

1. சப்ஸ்கிரைப் என்றால் பயம்

எங்கள் கடை பினாங் தீவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து நடக்கிற தூரம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோவிந்தம்மா அக்கா வந்தார். சுங்கை பினாங் அடுக்குமாடியில் வீடு. கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். தினமும் பஸ், ஃபெரி, மறுபடி பஸ்.

“தம்பி, போன்ல மலாய் பாடம் கேக்கலாமாமே. போட்டுக் குடு.”

“உங்களுக்குத்தான் மலாய் நல்லா வருமே அக்கா?”

“பசார்ல மீன் வாங்குற மலாய் வரும். ஆபீசர் முன்னாடி அது எடுபடுமா?”

கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். சிவப்பு. இங்கேயே பிறந்தவர், ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைக்கவில்லை. நிரந்தரவாசி என்று சிவப்பு அட்டைதான். குடியுரிமைக்கு எழுதிப் போட்டு, நேர்முகத்துக்குப் போனபோது, “எங்கே பிறந்தீர்கள்?” என்று அதிகாரி மலாயில் கேட்ட முதல் கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கொண்டதாம். அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள்.

“இந்தத் தடவையும் வாயத் தொறக்கலன்னா அவ்ளோதான் தம்பி. செத்தாலும் செவப்புதான்.”

தேடிப் பார்த்தேன். ஓர் ஆசிரியை தமிழில் விளக்கி மலாய் சொல்லிக் கொடுக்கும் பாட்காஸ்ட் ஒன்று இருந்தது. இருபது பாடம். “சப்ஸ்கிரைப் பண்றேன் அக்கா” என்றதும் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“வேணாம்லா! முன்ன ஒரு பாட்டுக்கு சப்ஸ்கிரைப் பண்ணிட்டு, டாப்-அப் போட்டா போட்ட கையோட காணாமப் போச்சு.”

உண்மைதான். ரிங்டோன் காலத்தில் அந்த மாதிரி நிறைய நடந்தது. அவருக்கு அந்தப் பாட்டை அமுக்கிவிட்டவனே நானாகக்கூட இருக்கலாம்.

“இதுக்குக் காசு இல்ல அக்கா. இந்த டீச்சர் புதுசா பாடம் போட்டா எனக்குச் சொல்லுன்னு பேரு குடுக்குறது, அவ்ளோதான். டவுன்லோடுன்னா பாடத்தையே போனுக்குள்ள எறக்கி வெக்கிறது. லைன் இல்லாட்டியும் ஃபெரில கேக்கலாம்.”

அவர் தலையாட்டினார். போனை வாங்கி, கடை வைஃபையில் இருபது பாடத்தையும் இறக்கினேன். கூடவே, எல்லாருக்கும் செய்வதுபோல், கேட்டு முடித்த பாடம் தானாக அழிகிற மாதிரி வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் பழைய போனில் இடம் நிறைந்து, மறுவாரமே ‘ஹேங் ஆவுது’ என்று வந்து நிற்பார்கள். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். பாடம் அழியும் என்று அவரிடம் சொல்லவில்லை. கடைசியாக, எங்கள் தொழிலில் எல்லாரும் ஓதுகிற மந்திரத்தையும் ஓதினேன்.

“இந்தப் பக்கத்த மட்டும் பாருங்க அக்கா. வேற எதையும் தொட்டுறாதீங்க.”

2. பத்து வெள்ளி

மூன்று வாரம் கழித்து, இன்னொரு சனிக்கிழமை வந்தார். நேர்முகம் செவ்வாய்க்கிழமை. கண்ணாடி மேசைமேல் மடித்த பத்து வெள்ளி நோட்டை வைத்தார்.

“தம்பி, பன்னெண்டாவது பாடம் மட்டும் இன்னொரு தடவ கேக்கணும். எவ்ளோ ஆகும்?”

எனக்குப் புரியவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். டவுன்லோட் பக்கத்தில் பதின்மூன்று முதல் இருபது வரை மட்டும் இருந்தன.

“மிச்ச எட்டையும் ஏன் கேக்கல?”

“ஒரு பாடத்த ஒரு தடவதான் கேக்க முடியும்னு மொத பாடத்துலயே தெரிஞ்சு போச்சே. கேட்டு முடிச்சா மறுநா காணோம். அதான் மிச்சத்த கடைசி மூணு நாளைக்குன்னு பத்திரமா வெச்சிருக்கேன்.”

“பன்னெண்டு ஏன் திரும்ப வேணும்?”

“அதுலதான் எங்க பொறந்தேன், அம்மா அப்பா யாருன்னு சொல்றது வருது. அத கேக்கறப்ப ஃபெரில ஒரு புள்ள ஓயாம அழுதுச்சு. பாதி காதுல விழல. நிறுத்தவும் பயம். நிறுத்துனா அதோட போயிருமோன்னு.”

அழிந்தது போனில் இருந்த பிரதிதான்; பாட்காஸ்டின் பக்கத்தில் எல்லாப் பாடமும் அப்படியே இருந்தது. இரண்டு இடத்தில் தொட்டிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். தொடாதே என்று சொன்னவன் நான். வெட்கமாக இருந்தது. நோட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

“காசு வேணாம் அக்கா. தப்பு என் மேல.”

நடந்ததைச் சொன்னேன்.

“மூணு வாரமா மூச்சப் புடிச்சுக்கிட்டு கேட்டேன்டா பாவி,” என்றார்.

3. ரேகை தேய்ந்த விரல்

வழக்கம்போல் போனை எடுக்கக் கையை நீட்டினேன். பாதியிலேயே இழுத்துக்கொண்டேன். நானே செய்தால் அடுத்த சிக்கலுக்கும் அவர் இங்கேதான் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். போன் அவர் கையிலேயே இருந்தது.

“டீச்சர் படத்தத் தொடுங்க. இப்ப மேல தள்ளுங்க. பன்னெண்டு தெரியுதா? பக்கத்துல கீழ பாக்குற அம்புக்குறி இருக்கு பாருங்க, அத அமுக்குங்க.”

அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. வருடக்கணக்காகத் தரை கழுவும் மருந்தில் ஊறி அந்த விரல் நுனி வழவழவென்று காய்ந்துபோயிருந்தது. திரைக்கு அது விரலாகவே படவில்லை. இன்னொரு முறை அமுக்கினார், இன்னொரு முறை. ‘இங்க குடுங்க’ என்ற வார்த்தை என் வாய்வரை வந்து நின்றது.

கல்லாவிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். “என்னப்பா, ஒரு கஸ்டமருக்கு அரை நாளா? அங்க நாலு பேரு நிக்கிறாங்க!”

“இதோ வரேன் முதலாளி.”

“இரு, நானே பண்ணிருவேன்,” என்றார் அக்கா, முதலாளிக்கும் சேர்த்து. விரலை வாயால் ஊதி ஈரமாக்கி, மெதுவாக வைத்தார். அம்புக்குறி சுழல ஆரம்பித்தது. ஒன்றிலிருந்து பதினொன்று வரை மீதியையும் அவரே இறக்கினார். தானாக அழிகிற செட்டிங்கையும் அவரே மூடினார். பிறகு வைஃபையையும் டேட்டாவையும் நிறுத்தி, பன்னிரண்டாம் பாடத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். டவுன்லோட் உண்மையிலேயே ஆகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி. இதைச் செய்யாமல் யாரையும் கவுண்டரை விட்டு அனுப்பாதீர்கள்.

பாடம் ஓடியது. பாதியில் நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். மறுபடி நிறுத்தினார். அது போகவில்லை.

“அட!” என்று சிரித்தார். சின்னப் பெண்போல் அதையே நாலைந்து தடவை செய்தார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

4. அட்டை

செவ்வாய்க்கிழமை போனது. அந்த வாரம் அவர் வரவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. மாதங்கள் ஓடின. யாருக்குப் பாட்காஸ்ட் போட்டுக் கொடுத்தாலும் போனை அவர்கள் கையிலேயே விட்டு, நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகியிருந்தேன். கஷ்டமான பழக்கம். முதலாளிக்கு இன்னும் பிடிக்கவில்லை.

ஒரு மத்தியானம் பட்டுச் சேலையில் வந்தார். முன்பு நோட்டை வைத்த அதே இடத்தில் ஓர் அட்டையை வைத்தார். நீலம்.

“மொதக் கேள்வியே எங்க பொறந்தீங்கன்னுதான்,” என்றார். “நான் நிறுத்தவே இல்ல. அவருதான் போதும் போதும்னாரு.”

எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினேன். சட்டென்று உள்ளங்கையால் அட்டையை மூடிக்கொண்டார்.

“கண்ணால மட்டும் பாரு தம்பி. வேற எதையும் தொட்டுறாத.”

கடை முழுக்கச் சிரித்தது, முதலாளி உட்பட. பிறகு அவரே அதை எடுத்து என் கையில் வைத்தார்.