எஸ்தர் போட்ட வட்டம்

பேய், ஆவின்னு யாராச்சும் பேச ஆரம்பிச்சா டீ டம்ளரை எடுத்துக்கினு எழுந்து போற ஆளு நான். எங்க வீட்டு வாசல்ல ஒரு பூசணிக்கா கூட கட்டினதில்ல. இதைச் சொன்னா நீங்க என்னைப் பத்தி இன்னா நினைப்பீங்கன்னு எனக்கே தெரியுது, ஆனாலும் என் கண்ணால பாத்ததை இல்லன்னு சொல்ல முடியல, நம்பினா நம்புங்க.

ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில நான் தையல் செக்‌ஷன். எங்க லைன் முடியற இடத்துல ஒரு டேபிள், ஒரு லைட்டு, அங்க உக்காந்து தச்சு வர்ற பீஸை எல்லாம் செக் பண்றது எஸ்தரு. தப்பு இருந்தா சில்வர் பேனாவால அந்த இடத்தைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிடுவா. வட்டம் வந்துச்சுன்னா தையலைப் பிரிச்சு மறுபடியும் தைக்கணும், வேற பேச்சே கிடையாது. அந்த சில்வர் மை தோல்ல பளிச்சுன்னு தெரியும், சூடு பட்டா இருந்த இடமே தெரியாம போய்டும், அதனாலதான் அந்தப் பேனா.

எங்களுக்குள்ள ஒரு நாவல் பைத்தியம் இருந்துச்சு. கொன்றையூருன்னு ஒரு சின்ன ஊரு, நாவல்ல மட்டும் இருக்கற ஊரு, மாசம் ஒரு புக்கு வரும். ஒவ்வொரு புக்லயும் அந்த ஊர்ல ஒரு ஜோடி சேரும். ஆனா தையல்கடை சரளாவும் மோகன் வாத்தியாரும் மட்டும் மொதல் புக்லர்ந்து சேரவே இல்ல, வருஷக்கணக்கா இழுத்துக்கினே போறாங்க. நாங்க ஒரு புக்கு வாங்கி, பின்னைப் பிடுங்கி, நாலு பாகமா பிரிச்சு கம்பெனி பஸ்ல நாலு பேரு படிப்போம். எவ கைக்கு எந்தப் பாகம் வருதோ அதுதான் மொதல்ல, கல்யாணத்தைப் படிச்சிட்டு அப்புறமா பொண்ணு பாக்கறதைப் படிப்போம், ‘கதையைச் சொல்லித் தொலைக்காதேடி’ன்னு ஒரே சண்டையா இருக்கும். படிச்சு முடிச்சவ கடைசிப் பக்கத்துல சில்வர் பேனாவால அவ அடையாளத்தைப் போடணும். எஸ்தருக்கு நட்சத்திரம், அதுவும் ஒரு கால் நீளமா இழுத்த கோண நட்சத்திரம். நாலு பேரும் முடிச்சப்புறம் கம்பெனில தோல் ஒட்டற சொல்யூஷனைத் தடவி அவதான் புக்கை ஒட்டி வைப்பா.

எஸ்தருக்குக் கல்யாணம் ஆகல. கட்டிங் செக்‌ஷன்ல ஒருத்தர் இருந்தாரு, சென்னைக்கு வேற கம்பெனிக்குப் போனவரு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. அவ யார்கிட்டயும் புலம்பினதில்ல. ஆனா சரளா வர்ற பக்கம் வந்தா மட்டும் அவ முகமே மாறிடும். ‘இவளுக்காவது ஆவணும் தனம், எனக்கு அது போதும்’ன்னு ஒரு நாள் பஸ் ஜன்னலைப் பாத்துக்கினே சொன்னா. நான் டிபன் பாக்ஸை மடில இறுக்கிப் பிடிச்சிக்கினு உக்காந்திருந்தேன்.

அப்புறம் அவளுக்கு உடம்புக்கு வந்துச்சு. ரத்தத்துல ஏதோ கோளாறுன்னு வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரில சேத்தாங்க. அவ படுக்கைல இருக்கறப்பதான் கொன்றையூரோட கடைசி புக்குன்னு விளம்பரத்தோட வந்துச்சு. இதோட தொடர் முடியுது, சரளா கதைக்கு முடிவுன்னு அட்டையிலயே போட்டிருந்தான். நான் ஞாயித்துக்கிழமை மூணு பாகத்தை எடுத்துக்கினு போய் அவ காதுகிட்ட உக்காந்து படிச்சேன். நாலாவது பாகம் எங்க நாலு பேர்ல ஒருத்தி, நாட்றம்பள்ளில இருந்து வர்ற மகேஸ்வரிகிட்ட இருந்துச்சு, அவ வீட்ல ஏதோ விசேஷம்னு லீவு. எங்க வழக்கப்படி பிரிச்சதுதான், வேற யாரைக் குத்தம் சொல்ல? ‘அடுத்த வாரம் கொண்டாறேன்’னேன். எஸ்தர் என் கையைப் பிடிச்சிக்கினு, ‘அவரு வந்துடுவாரு தனம், பாரேன்’னா. அவ கை அப்படியே சில்லுன்னு இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை காலைல பஸ்ல மகேஸ்வரி அந்தப் பாகத்தைக் குடுத்தா. குடுக்கறப்பவே அவ கண்ணு கலங்கி இருந்துச்சு. ‘எஸ்தரக்காகிட்ட காட்டாதேக்கா’ன்னா. கம்பெனி வர்றதுக்குள்ள படிச்சு முடிச்சிட்டேன். மோகன் வாத்தியார் மாத்தலாகிப் போய் அங்கயே ஒருத்தியைக் கட்டிக்கறாரு. சரளா அவரோட கல்யாணச் சட்டையைத் தச்சு பார்சல்ல அனுப்பிட்டு கடை ஷட்டரை இறக்கறா, அத்தோட முடிஞ்சுது. எழுதினவனைப் பிடிச்சு உலுக்கணும்னு வந்துச்சு எனக்கு. இத்தனை வருஷம் படிக்க வச்சிட்டு இப்படியா பண்ணுவான்? சரி, எஸ்தருக்கு இது தெரியவே கூடாது, ஞாயித்துக்கிழமை போய் வாத்தியார் வந்துட்டாரு, சர்ச்சு தெருவுல கல்யாணம், ஊரே பிரியாணி சாப்பிட்டுச்சுன்னு நானே கதை கட்டிச் சொல்லிடறதுன்னு முடிவு பண்ணேன். கடைசிப் பக்கத்துல மகேஸ்வரி போட்ட அடையாளத்துக்குக் கீழ என்னோடதைப் போட்டேன், பாகத்தை பைல வச்சேன், பையை கம்பெனி லாக்கர்ல வச்சுப் பூட்டி சாவியைக் கழுத்துல மாட்டிக்கினேன். பை, போனு எதுவும் உள்ள விட மாட்டாங்க, தெரியுமில்ல?

மத்தியானம் சாப்பிட்டு வந்து மிஷின்ல உக்காந்தேன். நூலு அறுந்துச்சு, கோக்கறதுக்குத் தலையைத் தூக்கினேன். செக்கிங் டேபிள்ல எஸ்தர் உக்காந்திருந்தா. சத்தியமா சொல்றேன், பட்டப்பகல்ல, எல்லா லைட்டும் எரியுது, எல்லா மிஷினும் ஓடுது. பீஸை செக் பண்றாப்ல குனிஞ்சு எதையோ படிக்கறா. அப்புறம் நிமிந்து என்னைப் பாத்தா. தப்பு பீஸ் வந்தா ஒரு பார்வை பாப்பாளே, கோவம் கூட இல்ல, அலுப்பு, அதே பார்வை. நான் எழுந்துட்டேன். பாத்தா அவளுக்குப் பதிலா போட்ட புதுப்பொண்ணுதான் உக்காந்திருக்கு. ‘இன்னாக்கா ஆச்சு?’ன்னுது. கண்ணு எரியுதும்மான்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல சூப்பர்வைசர் என் பக்கத்துல வந்து நின்னு விஷயத்தைச் சொன்னாரு. எஸ்தரோட தம்பி ஆபீஸ் போனுக்குப் பேசியிருக்கான். மத்தியானமே போய்ட்டா.

அழுதுக்கினே போய் லாக்கரைத் திறந்தேன். அவ முடிவு தெரியாம போய்ட்டா, வாத்தியார் வருவாருன்ற நெனப்போட போய்ட்டா, அதுவாவது மிச்சம்னு என் மனசு சொல்லிக்கினு இருந்துச்சு. பாகத்தை எடுத்து அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். என் அடையாளத்துக்குக் கீழ ஒரு நட்சத்திரம், ஒரு கால் நீளமா. தொட்டா விரல்ல சில்வர் ஒட்டுது, இன்னும் காயல.

படிச்சிட்டா. கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டுத்தான் போயிருக்கா. அவளுக்குன்னு நான் மறைச்சு வச்சிருந்த அந்த ஒரு ஆறுதல் கூட இல்லாம போச்சு. எனக்கு வாழ்க்கையே வெறுத்துப் போன நேரம்னா அதுதான்.

மகேஸ்வரிகிட்ட கேட்டேன், சாமி மேல சத்தியம் பண்றா, தொடலன்னு. அவகிட்ட சாவியும் இல்ல. யாரோ விளையாடியிருக்காங்கன்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு, நீங்களும் அதைத்தான் சொல்லப் போறீங்க. சொல்லுங்க. ஆனா நட்சத்திரம் மட்டும் இருந்திருந்தா நான் கூட அப்படித்தான் நினைச்சிருப்பேன்.

சரளா ஷட்டரை இறக்கற அந்தக் கடைசி பத்தியைச் சுத்தி ஒரு வட்டம். எங்க லைன்ல போடுவாளே, அதே வட்டம். ராத்திரி இஸ்திரிப் பெட்டியைக் காய வச்சு அது மேல தேச்சேன், போய்டுச்சு. காலைல பாத்தா மறுபடியும் இருக்கு. எத்தனையோ தடவை தேச்சிட்டேன், பேப்பரே பழுப்பாகிப் போச்சு, வட்டம் மட்டும் ஒவ்வொரு காலைலயும் பளிச்சுன்னு வந்து நிக்குது. பிரிச்சுத் தைக்கச் சொல்றா. தொடர் முடிஞ்சிடுச்சு, அவளும் போய்ட்டா, இந்தப் பீஸை நான் யாருகிட்ட திருப்பிக் குடுக்கறது, சொல்லுங்க?